கேம்ஷாஃப்ட் இல்லாமல் ஒரு பெட்ரோல் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது எப்படி?

மேட்டூர் திறப்புக்கு முந்தைய வாரங்களில் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டப் பட்டறைகளின் வாசலில் ஆயில் இன்ஜின்களும் பெட்ரோலில் ஓடும் நீர் பம்புகளும் களையெடுக்கும் கருவிகளும் வரிசையாக வந்து இறங்கும். ரிங் தேய்ந்தது, நாசில் அடைத்தது, வால்வு உட்காராமல் போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் இருக்கும். கேம் எனும் மேடுகளால் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் கெட்டுப்போய் வருவது மட்டும் மிக அபூர்வம். அப்படிப்பட்ட உறுதியான பாகத்தை எடுத்துவிட்டு அதன் வேலையைக் கணினியிடம் ஏன் கொடுக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் கேட்டால், அவர் கேள்வி நியாயமானது. ஒரே வேகத்தில், ஒரே சுமையில் மணிக்கணக்காகத் தண்ணீர் இறைக்கும் இன்ஜினுக்குக் கேம்ஷாஃப்ட்டை மிஞ்சிய ஏற்பாடு இல்லை. வேகமும் சுமையும் மாறிக்கொண்டே இருக்கும் இன்ஜினில்தான், வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்தின் நடுவே மாற்ற முடிவதன் பயன் தெரியும். இங்கே விளக்கப்படுவது பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவர்களும் ஆர்வமுள்ள மெக்கானிக்குகளும் ஒரு சிறு இன்ஜினில் அதைச் செய்து பார்க்கும் முறை. வயலுக்கு அனுப்பும் இன்ஜினில் இதைச் செய்ய வேண்டாம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கேம்ஷாஃப்ட் பல்சக்கரத்தால், பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க்குடன் பிணைக்கப்பட்டு அதன் பாதி வேகத்தில் சுற்றுவதால், இன்ஜின் மெதுவாக ஓடினாலும் விரைவாக ஓடினாலும் வால்வை அதே கோணத்தில் திறந்து அதே கோணத்தில் மூடுகிறது. கேமுக்குப் பதிலாக வைக்கும் சோலனாய்டுக்கோ (மின்சாரம் கொடுத்தால் அசையும் மின்காந்தம்) காற்று சிலிண்டருக்கோ கோணம் என்ற ஒன்று தெரியாது; மின்சாரம் கொடுத்தபின் இத்தனை மில்லி விநாடியில் அசையும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் 3.6 பாகை நகர்கிறது. 1,500 சுற்றில் 9 பாகை. 3,600 சுற்றில் 21.6 பாகை. எனவே 5 மில்லி விநாடி தாமதமுள்ள ஒரு கருவி 600 சுற்றில் 18 பாகையும், 1,500 சுற்றில் 45 பாகையும், 3,600 சுற்றில் 108 பாகையும் பிந்துகிறது. இந்தத் திட்டத்தில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

உலகில் இம்முறை முதலில் நிலைபெற்ற இடம் மெதுவாக ஓடும் பெரிய கப்பல் இன்ஜின்கள் என்பதற்கும் இதுவே காரணம். 2006இல் கடலில் இறங்கிய எம்மா மெர்ஸ்க் கப்பலின் பதினான்கு சிலிண்டர் இன்ஜினில் கேம்ஷாஃப்ட் கிடையாது. வெளியேற்ற வால்வை மின்னணுக் கட்டுப்பாட்டின்கீழ் எண்ணெய் அழுத்தம் திறக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றே சுற்றும் அந்த இன்ஜினில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 1.7 மில்லி விநாடி அவகாசம் உண்டு. காரில் அந்த அவகாசம் இல்லை. ஃபியட் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த மல்டிஏர் அமைப்பில்கூட உள்ளிழுப்பு வால்வுக்கும் கேமுக்கும் நடுவே எண்ணெய்ப் பாதையை வைத்து, அதைத் திறந்து மூடித்தான் நேரத்தை மாற்றினார்கள். கேம் அங்கேயே இருந்தது. கேமை அடியோடு நீக்கி, காற்றால் திறந்து எண்ணெயால் தாங்கிப் பிடிக்கும் ஃப்ரீவால்வ் அமைப்பை ஸ்வீடனின் கோனிக்செக் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் உருவாக்கியது. அது 2016இல் சீனாவின் கோரோஸ் நிறுவனத்துடைய மாதிரிக் கார் ஒன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

நாமும் வேகத்தைக் குறைத்தே தொடங்குவோம். பழைய களையெடுக்கும் கருவியிலிருந்து கிடைக்கும் 163 சிசி ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அதாவது 68 மி.மீ. விட்டமும் 45 மி.மீ. ஓட்டமும் கொண்டது, இதற்கு ஏற்றது. வால்வுகள் தலைப்பகுதியில் இருப்பதால் மூடியைக் கழற்றினால் எல்லாம் கைக்கெட்டும். தண்டு வெளியே நீண்டிருப்பதால் புல்லி மாட்டலாம். டீசல் இன்ஜினை எடுக்காதீர்கள். அதன் அழுத்த விகிதம் உயர்வானது என்பதால் பிஸ்டன் மேலே வரும்போது தலைக்கும் அதற்கும் இடையே மிகச் சிறிய இடைவெளியே இருக்கும். தவறான நேரத்தில் திறந்த வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

பெட்ரோல் இன்ஜினிலும் இந்த இடியை ஊகத்துக்கு விடக் கூடாது. தலையைக் கழற்றி, பிஸ்டன்மேல் பிள்ளையார் பிடிக்கும் பதத்தில் களிமண் உருண்டை ஒன்றை, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். கேஸ்கெட்டுடன் தலையை மாட்டி, வால்வை முழு உயரத்துக்குத் திறந்து பிடித்தபடி, ஃபிளைவீலைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மீண்டும் கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணைக் குறுக்கே வெட்டி அளந்தால் மிஞ்சும் இடைவெளி தெரியும். பிஸ்டன் மேல்முனையில் நிற்கும்போது, அதாவது மெக்கானிக்குகள் டி.டி.சி. என்று சொல்லும் நிலையில், முழுதாகத் திறந்த வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே குறைந்தது 1.5 மி.மீ. இருக்க வேண்டும். அவ்வளவு இல்லையென்றால், வால்வு அதற்குமேல் இறங்காதபடி ஒரு தடுப்பு வாஷர் போட்டு உயரத்தைக் குறைத்துவிடுங்கள். கொஞ்சம் காற்று குறைவாக உள்ளே போகும். ஆனால் நிரலில் ஒரு பிழை வந்தால் இன்ஜின் நின்றுபோவதோடு முடியும், உடையாது. இரண்டு வால்வுகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்தபிறகுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அடுத்தது, எடுக்கப்போகும் கேம் இதுவரை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எழுதி வைத்துக்கொள்வது. மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிச் சென்று நேரே நிரல் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். 360 பாகை குறித்த வட்டத் தகட்டைத் தண்டில் மாட்டுங்கள். மேல்முனையைக் கண்ணால் தேடினால் சில பாகை தவறும்; பிளக் துளையில் பிஸ்டனைப் பாதி வழியில் தடுக்கும் ஒரு தண்டைத் திருகி, ஃபிளைவீலை இரண்டு பக்கமும் தடுக்கும்வரை சுற்றி, இரு அளவுகளின் நடுப்புள்ளியை மேல்முனையாகக் கொள்ளுங்கள். பிறகு வால்வின் நுனியில் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து, பத்துப் பாகைக்கு ஒருமுறை வால்வு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று 720 பாகைக்கும் அட்டவணை எடுங்கள். இவ்வகை இன்ஜின்களில் உள்ளிழுப்பு வால்வு மேல்முனைக்குச் சற்று முன்பே திறந்து, பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கியபின் மூடுவதைக் காண்பீர்கள். மொத்தத் திறப்பு 230 பாகை என்று வைத்துக்கொண்டால், 1,500 சுற்றில் அது 25.6 மில்லி விநாடி. 3,600 சுற்றில் 10.6 மில்லி விநாடி. முன்னதைக் கடையில் கிடைக்கும் காற்று வால்வுகளால் எட்டிப்பிடிக்க முடியும், பின்னதை முடியாது. ஆகவே இந்தச் சோதனைக்கு 1,800 சுற்றை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் இன்னொன்றையும் கவனியுங்கள்: வால்வு இருக்கையை நெருங்கும் கடைசிச் சில பாகைகளில் கேம் அதை மிக மெதுவாக இறக்கி வைக்கும். மின்காந்தம் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். இடைவெளி குறையக் குறைய அதன் இழுவிசை பெருகுவதால், கடைசியில்தான் ஓங்கி அறையும். பெரிய ஆய்வகங்களில் இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஓர் இரும்புத் தட்டை ஊசலாடவிட்டு, இரு முனையிலும் காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார்கள். தட்டும் வால்வும் சேர்ந்து 100 கிராம், இரு ஸ்பிரிங்குகளின் கூட்டு விறைப்பு மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் என்றால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 3.1 மில்லி விநாடியில் போய்விடும். அழகான ஏற்பாடு, ஆனால் அதை மெதுவாகத் தரையிறக்கும் கட்டுப்பாடு நமது பட்டறை எல்லைக்கு அப்பாற்பட்டது. எனவே காற்றைத் தேர்ந்தெடுப்போம்.

பழைய ஸ்பிரிங்கையே வால்வை மூட விட்டுவிட்டு, திறப்பதற்கு மட்டும் ஒருவழிக் காற்று சிலிண்டர் போதும். 20 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டர் 6 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 188 நியூட்டன் விசை தரும்; 25 மி.மீ. என்றால் 295 நியூட்டன். உங்கள் ஸ்பிரிங்கை முழு உயரத்துக்கு அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பதை எடை தொங்கவிட்டு அளந்து, அதற்குமேல் கால்பங்காவது மிஞ்சும்படி தேர்ந்தெடுங்கள். தேவைக்கு மேல் பெரிய சிலிண்டர் வாங்கினால் அது நிரம்பப் பிடிக்கும் நேரம் கூடி, தாமதமும் கூடும். சிலிண்டருக்கும் அதை இயக்கும் மூன்று வழி சோலனாய்டு வால்வுக்கும் இடையிலான குழாய் பத்துச் சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 4 மி.மீ. உள்விட்டமுள்ள பத்துச் சென்டிமீட்டர் குழாயின் கொள்ளளவு 1.3 சிசி; 6 மி.மீ. நகரும் 20 மி.மீ. சிலிண்டரின் கொள்ளளவோ 1.9 சிசிதான். அரை மீட்டர் குழாய் போட்டவர் காற்றில் பெரும்பகுதியைக் குழாயை நிரப்பவே செலவிடுகிறார். 600 சுற்றில் ஒரு வால்வுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்று போதும் என்பதால், பஞ்சர் கடை கம்ப்ரஷரே தாராளம்.

உள்ளிழுப்பு வால்வில் மட்டும் தொடங்குங்கள். வெளியேற்ற வால்வைப் பழைய கேமிடமே விட்டுவிடுங்கள். உள்ளிழுப்பு வால்வு திறக்கும்போது சிலிண்டரில் அழுத்தம் ஏறத்தாழ இல்லை. வெளியேற்ற வால்வோ எரிந்த வாயுவின் அழுத்தத்தை எதிர்த்துத் திறக்க வேண்டும். 24 மி.மீ. வால்வின்மேல் 3 பார் அழுத்தம் இருந்தால், ஸ்பிரிங்கின் விசைக்குமேல் 136 நியூட்டன் கூடுதலாகத் தேவைப்படும். தொடக்க கால இன்ஜின்கள் பலவற்றில் உள்ளிழுப்பு வால்வுக்குக் கேமே இருந்ததில்லை. பிஸ்டன் உறிஞ்சும் உறிஞ்சலிலேயே அது தானாகத் திறந்துகொண்டது.

கேமின் அசைவை உள்ளிழுப்பு வால்வுக்குக் கடத்தும் ராக்கரையும் புஷ்ராடையும் எடுத்துவிட்டு, தடித்த இரும்புத் தகட்டில் ஒரு தாங்கி செய்து, காற்று சிலிண்டரின் தண்டு வால்வு நுனிக்கு நேர் மேலே நிற்கும்படி பொருத்துங்கள். சற்றே சாய்ந்திருந்தாலும் வால்வு கைடு தேயும். தண்டு பின்வாங்கிய நிலையில் வால்வு நுனிக்கும் அதற்கும் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். டேப்பெட் இடைவெளிக்கான அதே காரணம்தான், சூட்டில் எல்லாம் நீளும். காற்று சிலிண்டரின் சாதாரண ரப்பர் வளையங்கள் 80 பாகை செல்சியஸ் அளவுக்கு மேல் தாங்குவதில்லை என்பதால், தாங்கிக்கும் தலைக்கும் நடுவே பேக்லைட் துண்டுகளை வையுங்கள்.

இனி கணினியின் கண்கள். தண்டில் மாட்டும் புல்லியின் பின்புறம் 36 பல்லில் ஒரு பல் குறைந்த சக்கரம் ஒன்றை லேத்தில் வெட்டச் சொல்லி மாட்டி, அருகில் காந்தப்புல மாற்றத்தை உணரும் ஒரு ஹால் சென்சார் வைத்தால், பத்துப் பாகைக்கு ஒரு துடிப்பும், சுற்றுக்கு ஒருமுறை ஓர் இடைவெளியும் கிடைக்கும். ஆனால் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுழற்சி என்பது இரண்டு சுற்று. இப்போது வருவது உறிஞ்சும் சுற்றா, வெடிக்கும் சுற்றா என்று இந்தச் சக்கரம் சொல்லாது. அதைச் சொல்ல, மீதமிருக்கும் வெளியேற்ற ராக்கரிலேயே ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, மூடியில் இன்னொரு ஹால் சென்சார் வையுங்கள். அது அசைந்து முடிக்கும் தறுவாயில் உறிஞ்சல் தொடங்குகிறது என்று பொருள்.

ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. அழுத்தும்போது தளர்ந்து, வெடிக்கும்போது பாய்கிறது. எனவே முழுச் சுற்றின் சராசரி வேகத்தை வைத்துக் கணக்கிடாமல், கடைசியாகக் கடந்த பல்லின் நேரத்தை வைத்து அடுத்த கோணத்தைக் கணிக்குமாறு நிரல் எழுத வேண்டும். ஆர்டுயினோ வகைச் சிறு கணினிப் பலகையே இதற்குப் போதும். ஆனால் காத்திருக்கும் கட்டளைகளை நிரலின் நடுவே எழுதாமல், டைமரையும், துடிப்பு வந்ததும் நிரலை உடனே கவனிக்கவைக்கும் இண்டரப்ட் எனும் குறுக்கீட்டையும் பயன்படுத்துங்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் தீப்பொறி அருகிலுள்ள கம்பிகளிலெல்லாம் பொய்த் துடிப்புகளை ஏற்றும் என்பதால், உறையிட்ட கம்பி, தடையுள்ள பிளக், துடிப்பை ஒளிவழியே கடத்தும் ஆப்டோகப்ளர் ஆகிய மூன்றும் கட்டாயம்.

சோலனாய்டை மாஸ்ஃபெட் எனும் மின்னணு ஸ்விட்ச் இயக்கும்; சோலனாய்டின் சுருளுக்குக் குறுக்கே வெறும் டயோடு மட்டும் போட்டால், நிறுத்திய பிறகும் சுருளில் மின்னோட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, மூடுவது பல மில்லி விநாடி தாமதமாகும். டயோடுடன் 33 வோல்ட் ஜீனர் ஒன்றைத் தொடராகச் சேர்த்து, 100 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட்டைப் பயன்படுத்தினால் அது சட்டென்று விடுபடும். இரண்டு பைக் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட் கிடைக்கும்.

இப்போது தாமதத்தை அளக்க வேண்டும். ஜூன் 12 அன்று மேட்டூரில் ஷட்டரைத் தூக்கினால் கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர மூன்று நான்கு நாட்கள் ஆகின்றன. கல்லணையில் ஒரு குறிப்பிட்ட நாளில் தண்ணீர் வேண்டுமென்றால், அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் மேட்டூரில் திறக்க வேண்டும். அதுபோலவே, வால்வு எந்தக் கோணத்தில் திறந்திருக்க வேண்டுமோ அதற்கு இத்தனை மில்லி விநாடி முன்னதாகவே கட்டளை புறப்பட வேண்டும். தலையைத் தனியே மேசையில் வைத்து, வால்வு நுனியில் ஒரு சென்சாரும் கையில் மின்துடிப்பை நேரத்தோடு வரைந்து காட்டும் ஓர் ஆசிலாஸ்கோப்பும் கொண்டு, கட்டளைக்கும் அசைவுக்கும் இடையிலான நேரத்தைத் திறக்கவும் மூடவும் தனித்தனியே அளங்கள். இரண்டும் சமமாக இருக்காது. காற்றழுத்தத்தை 5, 6, 7 பாரில் மாற்றியும், மின்னழுத்தத்தைக் குறைத்தும் மீண்டும் அளந்து அட்டவணையாக்குங்கள். கைபேசியின் மெதுவோட்டப் படம் இதற்கு உதவாது. விநாடிக்கு 240 படம் என்றாலும் ஒரு படத்துக்கு 4 மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடுகிறது. மூடும் சத்தம் கடுமையாக இருந்தால் வெளியேறும் காற்றைச் சற்று நெருக்கிவிடலாம். வால்வு மெதுவாக அமரும், ஆனால் மூடும் தாமதம் கூடும், அதை மறுபடி அளக்க வேண்டும்.

எங்கள் முதல் முயற்சியில் தாமதத்தை மில்லி விநாடியாக வைக்காமல், 600 சுற்றில் சரியாக வந்த கோணத்தையே நிரலில் எழுதிவிட்டோம். அந்த வேகத்தில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. வேகம் கூடியதும் வால்வு பிந்தி மூடி, உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் கார்புரேட்டர் வழியாகவே திருப்பித் தள்ளியது. ஏர் ஃபில்டர் பெட்ரோலில் நனைந்து கையில் சொட்டியபோதுதான் எங்கே தவறு என்று புரிந்தது. தீப்பற்றாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

முதல் ஓட்டம் பெட்ரோல் இல்லாமலே நடக்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டாரில் மூன்று அங்குலப் புல்லியும் இன்ஜினில் ஏழு அங்குலப் புல்லியும் மாட்டினால், 1,440 சுற்று 617 ஆகக் குறையும். சுற்றும் திசை இன்ஜினின் இயல்பான திசைதானா என்று முதலில் பாருங்கள். பிளக் துளையில் அழுத்தமானியை வைத்து, பழைய கேமுடன் எடுத்த அளவையும் புதிய ஏற்பாட்டின் அளவையும் ஒப்பிடுங்கள். இரண்டும் நெருங்கி வரும்வரை பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டாம். பல் சக்கரத்தின் துடிப்பு தவறினாலோ வேகம் 1,800ஐத் தாண்டினாலோ, நிரல் சோலனாய்டை விட்டுவிட்டு மேக்னெட்டோவின் நிறுத்தக் கம்பியைத் தரையோடு இணைக்க வேண்டும். மின்சாரம் போனால் வால்வு மூடிக்கொள்ளும் வகையிலேயே காற்று வால்வைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

பெட்ரோலில் ஓட்டும் நாளில் கூரையில்லாத இடத்துக்கு வாருங்கள். தீயணைப்பானும் மணல் வாளியும் அருகில் இருக்கட்டும். வேட்டியையும் தோளில் கிடக்கும் துண்டையும் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். புல்லி சுற்றும் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. கயிறு இழுத்துக் கிளப்ப முயல வேண்டாம். சக்கரத்தின் இடைவெளியையும் ராக்கரின் அசைவையும் ஒருமுறையேனும் பார்த்தபிறகுதான் கணினிக்கு நிலை தெரியும், அதற்குள் கயிறு முடிந்துவிடும். மோட்டாரால் சுற்றி, இன்ஜின் பிடித்துக்கொண்டதும் பெல்ட்டைத் தளர்த்துங்கள். சுமைக்கு, இரண்டாம் பெல்ட்டில் ஒரு சிறு பம்பை இணைத்து, வாய்க்காலிலிருந்து 200 லிட்டர் டிரம்முக்கு இறைக்கலாம். பம்பு தரும் உயரம் வேகத்தின் இருமடியாகக் குறைவதால் 1,500 சுற்றில், 3,600 சுற்றில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. வாய்க்கால் மட்டத்திலிருந்து டிரம்முக்கு அது போதும். டிரம் நிரம்பும் நேரமும், அளவுக் குழாயில் 100 மி.லி. பெட்ரோல் தீரும் நேரமும் உங்கள் அளவுகோல்கள்.

பழைய கேமின் நேரங்களில் இன்ஜின் சீராக ஓடியபின் மாற்றத் தொடங்கலாம். கார்புரேட்டரின் திராட்டிலை முழுதாகத் திறந்துவிட்டு, வால்வை முன்னதாக மூடுவதன் மூலம் மட்டும் சக்தியைக் குறைத்துப் பாருங்கள். பாதி மூடிய திராட்டில் வழியே காற்றை இழுக்கப் பிஸ்டன் செலவிடும் உழைப்பு இதில் பெருமளவு மிச்சமாகும். கேமை நீக்கியதன் முக்கியப் பயன் இதுவே. பிந்தி மூடியும் இதைச் செய்யலாம் என்று படித்திருப்பீர்கள். கார்புரேட்டருள்ள இன்ஜினில் அது ஒத்துவராது, ஏனெனில் திருப்பித் தள்ளப்படும் காற்று ஜெட்டை மறுபடி கடக்கும்போதெல்லாம் பெட்ரோலைச் சேர்த்துக்கொண்டு, கலவை அளவுக்கு மீறிக் கொழுத்துவிடும்.

வெளியேற்ற வால்வுக்கு வரும்போது 25 மி.மீ. சிலிண்டரும் அதற்கான அளவீடுகளும் புதிதாக வேண்டும்; ராக்கர் போய்விடுவதால் நிலை சொல்லும் இரண்டாம் சென்சாரும் போய்விடும். ஆனால் இப்போது அது தேவையே இல்லை. இவ்வகை இன்ஜின்களில் ஃபிளைவீல் மேக்னெட்டோ ஒவ்வொரு சுற்றிலும் பொறி கொடுக்கிறது; இரண்டு வால்வும் நம் கையில் இருப்பதால், எந்தச் சுற்றை உறிஞ்சும் சுற்றாக வைத்துக்கொள்வது என்பதை நிரலே தீர்மானித்துக்கொள்ளலாம், எதைத் தேர்ந்தாலும் சரியாகவே அமையும். கயிற்றால் கிளப்புவதும் இனிக் கைகூடும்: சக்கரத்தின் இடைவெளியைக் கண்டதும் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு வெளியேற்ற வால்வைத் திறந்தே வைக்கும்படி நிரலில் இரண்டு வரி சேர்த்தால், பழைய ஆயில் இன்ஜினில் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டில் சுற்றியது போலவே, ஃபிளைவீல் வேகம் எடுத்தபின் வால்வு தானாக வேலைக்குத் திரும்பும். களிமண் சோதனையை வெளியேற்ற வால்வுக்கும் சேர்த்துச் செய்திருந்தால் மட்டுமே இதை முயல வேண்டும்.